கோப்பில் குறையில்லை, ஒலியில் ஓட்டை: ஒரு யூஎஸ்பி ஒலிப்பதிவு அமைப்பின் நிகழ்வு ஆய்வு

பேச்சையும் இசையையும் பல தடங்களில் பதிவு செய்யும் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறையில், பதிவுகளின் நடுவே 'டிக்' என்ற சத்தம் விழுவதாகப் புகார் எழுந்தது. சில பதிவுகளில் அது ஓயாமல் கேட்டது. சிலவற்றில் எப்போதாவது ஒருமுறை கேட்டது. இன்னும் சில சமயங்களில், பாடுபவரின் ஹெட்போனில் கேட்ட சத்தம் பதிவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது அதில் இல்லவே இல்லை. பதிவுப் பொறுப்பாளர் பஃபர் அளவை, அதாவது கணினி ஒவ்வொரு முறையும் சேர்த்துக் கையாளும் சாம்பிள்களின் (ஒலியை ஒரு கணத்தில் அளந்த மதிப்புகளின்) எண்ணிக்கையை, 64-இலிருந்து 512 வரை உயர்த்திப் பார்த்தும் பயனில்லாததால், இத்தனை தடங்களை யூஎஸ்பி தாங்காது என்ற முடிவுக்கு வந்து, தண்டர்போல்ட் இணைப்புள்ள புதிய ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினிக்குள் ஒலியைக் கொண்டுசென்று வெளியே தரும் பெட்டி) ஒன்றை வாங்கத் தயாராகிவிட்டார். அந்தச் செலவுக்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்கப்பட்டது.

இந்நிகழ்வை விரிவாக எழுதக் காரணம் உண்டு. இணைப்புத் தரநிலைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வேகத்தோடு நின்றுவிடுகிறது: 12 மெகாபிட், 480 மெகாபிட், 10 கிகாபிட் என்று எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. ஒலியைப் பொறுத்தவரை அந்த எண்களைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு. சாம்பிள்கள் எந்தக் கிளாக்கின்படி, அதாவது எந்தக் காலத் துடிப்பின்படி, நகர்கின்றன? வழியில் ஒரு துண்டு கெட்டுப்போனால் அதை என்ன செய்வதென்று அந்தத் தரநிலை விதித்திருக்கிறது? இந்த அறையில் இருந்த இரண்டு கோளாறுகளும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கின.

அமைப்பு

கணினியின் யூஎஸ்பி 2.0 போர்ட்டிலிருந்து ஒரு நீட்டிப்புக் கேபிள் மேசையின் மறுபக்கம் வரை சென்றது. அதன் முனையில், தனி மின்இணைப்பு இல்லாமல் கணினியிலிருந்து வரும் மின்சாரத்திலேயே இயங்கும் ஒரு ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி). அந்த ஹப்பில் ஆடியோ இன்டர்ஃபேஸும், பழைய பதிவுகளின் நகல்களை வைப்பதற்கான ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கும் இணைக்கப்பட்டிருந்தன. இன்டர்ஃபேஸுக்குச் சொந்த மின்அடாப்டர் இருந்தது, டிஸ்க்குக்கு இல்லை. இன்டர்ஃபேஸில் 8 அனலாக் உள்ளீடுகளும், எஸ்பிடிஃப் என்ற டிஜிட்டல் ஒலி இணைப்பின் வழியாக வரும் 2 டிஜிட்டல் உள்ளீடுகளும், 8 வெளியீடுகளும் உண்டு. எஸ்பிடிஃப் உள்ளீட்டில், மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கி, அதைத் தானே டிஜிட்டலாக்கி அனுப்பும் இரண்டு சேனல் மைக் ப்ரீஆம்ப் ஒன்று இணைந்திருந்தது. எல்லாமே 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்.

கேபிள் தாங்காது என்ற எண்ணத்தை முதலில் கணக்கு போட்டுப் பார்த்தேன். இந்த இன்டர்ஃபேஸ் 24 பிட் சாம்பிளை 32 பிட் இடத்தில் வைத்து அனுப்புகிறது. உள்ளே வரும் 10 சேனல்களுக்கு விநாடிக்கு 15.36 மெகாபிட், வெளியே செல்லும் 8 சேனல்களுக்கு 12.288 மெகாபிட், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 27.6 மெகாபிட். யூஎஸ்பி 2.0-இன் 480 மெகாபிட்டில் இது 6 விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே, இடப் பற்றாக்குறை என்ற விளக்கம் தொடக்கத்திலேயே நிற்கவில்லை.

அலைவடிவத்தில் தெரிந்தது

இசையில் தேடினால் 'டிக்' ஒலியின் வடிவம் புலப்படாது. ஆகவே 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை ஒரே சமயத்தில் ப்ரீஆம்புக்கும் இன்டர்ஃபேஸின் ஓர் அனலாக் உள்ளீட்டுக்கும் கொடுத்து, பின்னணியில் டிஸ்க்குக்குப் பெரிய கோப்புகளை நகலெடுக்க விட்டு, நீண்ட பதிவு ஒன்றை எடுத்தோம். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 1 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்குச் சரியாக 48 சாம்பிள்கள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் கண்ணில் பட்டுவிடும் என்பதற்காகவே இந்த அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்தேன்.

பெரிதாக்கிப் பார்த்தபோது இரண்டு வெவ்வேறு காயங்கள் தெரிந்தன. முதல் வகை, எஸ்பிடிஃப் வழி வந்த இரண்டு தடங்களில் மட்டும் இருந்தது. ஏறத்தாழ 2 விநாடிக்கு ஒருமுறை, தாளம் தவறாமல் வந்தது. அந்த இடங்களில் அலையின் ஒரு சுற்று 48-க்குப் பதில் 47 சாம்பிள்களில் முடிந்திருந்தது. மேலேறும் கோடு ஒரு புள்ளியைத் தாண்டிக் குதித்ததுபோல் ஒரு சிறு முறிவு. இரண்டாம் வகை எந்த ஒழுங்குமில்லாமல் வந்தது. ஆனால் வரும்போது எல்லாத் தடங்களிலும் ஒரே கணத்தில் வந்தது. அங்கே அலை அறுந்து, 6 சாம்பிள்கள் பூஜ்யமாகி, மறுபடி சரியான இடத்திலிருந்து தொடர்ந்தது. சில இடங்களில் பூஜ்யங்கள் 12 ஆக இருந்தன. 64 சாம்பிள் நீளமுள்ள வெற்றிடம் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. கணினியின் செயலியோ டிரைவரோ நேரத்துக்கு வேலையை முடிக்காததால் சத்தம் விழுந்திருந்தால், இழப்பு பஃபர் அளவில் இருந்திருக்கும். 64 சாம்பிள் பஃபர் என்றால் 1.33 மில்லிவிநாடி. இங்கே இழப்பின் அலகு 6 சாம்பிள். 48 கிலோஹெர்ட்ஸில் 6 சாம்பிள் என்பது 125 மைக்ரோவிநாடி. அது யூஎஸ்பி 2.0 காலத்தைப் பகுத்து வைத்திருக்கும் மைக்ரோஃபிரேமின் அளவு. பஃபரை உயர்த்தியது ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே விளங்கியது: ஒரு மைக்ரோஃபிரேமின் சாம்பிள்களைச் சுமக்கும் தரவுப் பொதியான பேக்கெட் கணினியை வந்தடைவதற்கு முன்பே கெட்டுவிட்டது, வந்தடைந்த பிறகான காத்திருப்பை நீட்டி என்ன பயன்?

முதல் கோளாறு: இரண்டு கிளாக்குகள்

எஸ்பிடிஃப் வடிவம் ஐஇசி 60958 தரநிலையில் விவரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு சாம்பிளும் 32 பிட் கொண்ட ஒரு சப்ஃபிரேமில் பயணிக்கிறது. அதில் ஒலிக்கு 24 பிட் வரை. மீதி இடத்தில் ஒத்திசைவு அடையாளமும், சாம்பிள் செல்லுபடியாகுமா என்ற குறிப்பும், சேனல் நிலைத் தகவலின் ஒரு பிட்டும், பிழையைச் சோதிக்கும் பாரிட்டி பிட்டும் அமர்கின்றன. இடது, வலது இரண்டும் சேர்ந்தால் 64 பிட். 48 கிலோஹெர்ட்ஸில் விநாடிக்கு 3.072 மெகாபிட். பைஃபேஸ் மார்க் என்ற குறியீட்டு முறையில் ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் மின்னழுத்த மாற்றம் கட்டாயம் நிகழும் என்பதால், தனிக் கிளாக் கம்பி இல்லாமலே பெறுநர் அந்த மாற்றங்களிலிருந்து அனுப்புநரின் கிளாக்கை மீட்டெடுத்துக்கொள்ள முடிகிறது. ஒரே கம்பியில் ஒலியும் காலமும் சேர்ந்து வரும் இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஆனால் அது ஒருவழிப் பாதை. மெதுவாக அனுப்பு என்றோ விரைவாக அனுப்பு என்றோ பெறுநரால் திருப்பிச் சொல்ல முடியாது. எனவே பெறுநருக்கு இரண்டே வழிகள் உள்ளன: வரும் கிளாக்கைத் தன் கிளாக்காக ஏற்றுக்கொள்வது, அல்லது சாம்பிள்களை வேறு வேகத்துக்கு மறுகணக்கிடும் ரேட் கன்வர்ட்டர் ஒன்றை நடுவில் வைப்பது. இந்த இன்டர்ஃபேஸில் கன்வர்ட்டர் இல்லை; அதன் கிளாக் மூலமோ 'இன்டர்னல்' என்று அமைக்கப்பட்டிருந்தது. ப்ரீஆம்ப் தன் கிளாக்கைத் துடிக்கவைக்கும் கிரிஸ்டலின்படி அனுப்பியது; இன்டர்ஃபேஸ் தன் கிரிஸ்டலின்படி வாங்கியது. இரண்டு பெட்டிகளின் முகப்பிலும் 48 கிலோஹெர்ட்ஸ் என்றே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரே நேரத்துக்குத் திருத்தி வைத்த இரண்டு சுவர்க்கடிகாரங்கள் சில வாரங்களில் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடுவதைப்போல, இந்தக் கிரிஸ்டல்களும் விலகுகின்றன. வித்தியாசம் பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டும் என்று வைத்துக்கொண்டாலும், 48,000-இல் அது விநாடிக்கு 0.48 சாம்பிள், அதாவது ஏறத்தாழ 2.1 விநாடிக்கு ஒரு சாம்பிள் மிஞ்சும். அந்த மிச்சத்தை வைக்க இடமில்லாமல் இன்டர்ஃபேஸ் அதை விட்டுவிடுகிறது. 47 சாம்பிள் சுற்று பிறப்பது அங்கேதான். அலைவடிவத்தில் நாங்கள் பார்த்த இடைவெளி இந்தக் கணக்கோடு பொருந்தியது. கருவிகளை இயக்கிய உடனே எடுத்த பதிவிலும், அவை நன்றாகச் சூடேறிய பின் எடுத்த பதிவிலும் அந்த இடைவெளி சற்றே வேறுபட்டிருந்தது. கிரிஸ்டலின் அதிர்வெண் வெப்பத்தோடு நகரும் என்பதால், இது கிளாக் விலகலுக்கு வலுவான சான்று. பேச்சுப் பதிவுகளில் இந்தச் சத்தம் பெரும்பாலும் மறைந்துபோனதற்கும் காரணம் எளிது: சொற்களின் இடையே வரும் மௌனத்தில் ஒரு சாம்பிள் போனால் காதுக்குத் தெரியாது, நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சுரத்தில் போனால் நன்றாகத் தெரியும்.

தீர்வு ஒரு மெனுவில் இருந்தது. இன்டர்ஃபேஸின் கிளாக் மூலத்தை எஸ்பிடிஃபுக்கு மாற்றியதும் ஒழுங்காக வந்த 'டிக்' நின்றது.

அப்போது பொறுப்பாளர் கேட்ட கேள்வி நியாயமானது: இன்டர்ஃபேஸ் இப்போது ப்ரீஆம்பின் தாளத்துக்கு ஆடுகிறது, கணினி யாருடைய தாளத்துக்கு ஆடும்? யூஎஸ்பி ஆடியோவில் ஒத்திசைவுக்கு மூன்று வகைகள் உண்டு. சிங்க்ரனஸ் வகையில் கருவி, யூஎஸ்பி பஸ்ஸின் (கருவிகள் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பாதையின்) ஃபிரேம் துடிப்பையே கிளாக்காகக் கொள்கிறது. அடாப்டிவ் வகையில் வரும் தரவின் வேகத்துக்கேற்பக் கருவி தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அசிங்க்ரனஸ் வகையில் கருவியின் கிளாக்தான் தலைமை. இந்த இன்டர்ஃபேஸ் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. ஒரு மைக்ரோஃபிரேமில் தனக்குத் தேவைப்படும் சாம்பிள்களின் எண்ணிக்கையைப் பின்னப் பகுதியோடு ஒரு 32 பிட் எண்ணாக, 16 பிட் முழுப்பகுதி, 16 பிட் பின்னப்பகுதி என்று, தனி ஃபீட்பேக் வழியில் அது கணினிக்கு அடிக்கடி சொல்லிக்கொண்டே இருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் அந்த எண் 6-ஐ ஒட்டி நிற்கும், 44.1 கிலோஹெர்ட்ஸில் 5.5125-ஐ ஒட்டி நிற்கும் என்பதால் கணினி 5 சாம்பிள் பேக்கெட்டுகளையும் 6 சாம்பிள் பேக்கெட்டுகளையும் கலந்து அனுப்பும். எஸ்பிடிஃபில் இல்லாத திரும்பும் பாதை இங்கே இருக்கிறது. ஆகவே ப்ரீஆம்பின் கிரிஸ்டல் இன்டர்ஃபேஸை நடத்த, இன்டர்ஃபேஸ் கணினியை நடத்துகிறது. முழு அறைக்கும் ஒரே கிளாக்.

இரண்டாம் கோளாறு: திரும்ப அனுப்பப்படாத பேக்கெட்

ஒழுங்கில்லாத வெற்றிடங்கள் அப்படியே இருந்தன. டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது அவை மிகுந்தன. நகலெடுப்பை நிறுத்தியதும் அரிதாயின. டிஸ்க் பஸ்ஸின் இடத்தை விழுங்குகிறது என்று எண்ணத் தூண்டும் சான்றுதான் இது. ஆனால் யூஎஸ்பியின் விதிகள் அதற்கு இடம் தருவதில்லை.

1996-இல் முதல் பதிப்பு வந்த நாளிலிருந்தே யூஎஸ்பியில் நான்கு வகைப் பரிமாற்றங்கள் உள்ளன. கருவியை அறிமுகப்படுத்தி அமைக்க கன்ட்ரோல். விசைப்பலகை, மவுஸ் போன்றவற்றுக்கு இன்டரப்ட். டிஸ்க், பிரிண்டர் போன்றவற்றுக்கு பல்க். ஒலி, வீடியோ போன்ற ஓடும் தரவுக்கு ஐசோக்ரனஸ். அந்த முதல் பதிப்பு 12 மெகாபிட் வேகத்தில் காலத்தை 1 மில்லிவிநாடி ஃபிரேம்களாகப் பிரித்தது. 2000-இல் வந்த 2.0 பதிப்பு 480 மெகாபிட் வேகத்தில் ஒவ்வொரு ஃபிரேமையும் 8 மைக்ரோஃபிரேம்களாக வகுத்தது. ஒரு மைக்ரோஃபிரேமின் காலத்தில் 80 விழுக்காடு வரை ஐசோக்ரனஸ், இன்டரப்ட் பரிமாற்றங்களுக்கு முன்பதிவு செய்யலாம். எஞ்சியதிலும் யாரும் கேட்காததிலும்தான் பல்க் ஓட வேண்டும். ஒலித்தடம் திறக்கப்படாதபோது கருவி பஸ்ஸில் எந்த இடமும் கோராத ஓர் அமைப்பில் இருக்கும். பதிவு தொடங்கும்போது டிரைவர் அதை வேறோர் அமைப்புக்கு மாற்றும். அந்தக் கணத்தில் ஒலிக்கான இடம் ஒதுக்கப்படுகிறது. ஒதுக்க இடமில்லை என்றால் தடம் திறக்கவே திறக்காது. திறந்தபின் டிஸ்க்கால் அந்த இடத்தைப் பிடுங்க முடியாது.

இங்கே நாங்கள் செய்த ஒரு சோதனை முழு விஷயத்தையும் வெளிச்சமாக்கியது. டிஸ்க்குக்கு நகலெடுக்கப்பட்ட கோப்புகளை மூலக் கோப்புகளோடு எஸ்எச்ஏ-256 மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்ணை) கொண்டு ஒப்பிட்டோம். ஒரு பிட்கூட மாறவில்லை. அதே நேரத்தில், அதே ஹப், அதே நீட்டிப்புக் கேபிள் வழியாக வந்த ஒலியில் ஓட்டைகள். கேபிள் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதையே ஆதாரமாகப் பொறுப்பாளர் காட்டினார். நான் இதிலிருந்து எதிரான முடிவையே எடுத்தேன்.

பல்க் பரிமாற்றத்தில் ஒவ்வொரு பேக்கெட்டுக்கும், அது கெட்டதா என்று கண்டறியும் சிஆர்சி சோதனை உண்டு. பெறுநர் 'வந்தது' என்று பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் அல்லது பேக்கெட் கெட்டிருந்தால் அது மறுபடி அனுப்பப்படும். ஆகவே கேபிளில் பிழைகள் நிகழ்ந்தாலும் கோப்பு முழுமையாகவே சேரும். கொஞ்சம் தாமதமாகச் சேரும், அவ்வளவுதான். ஐசோக்ரனஸ் பேக்கெட்டுக்கும் சிஆர்சி உண்டு. ஆனால் பதிலும் இல்லை, மறு அனுப்பலும் இல்லை. கெட்ட பேக்கெட் கெட்டதுதான். கணினியில் இருந்த டிரைவர் அதன் இடத்தில் பூஜ்யங்களை இட்டு நேரக்கணக்கைக் காப்பாற்றியது. 6 பூஜ்யங்கள் என்றால் இழந்தது ஒரு பேக்கெட், 12 என்றால் அடுத்தடுத்து இரண்டு. இழப்பு வெளியீட்டுத் திசையில் நிகழ்ந்தால் ஹெட்போனில் மட்டும் 'டிக்' கேட்கும், பதிவில் இருக்காது. பாடுபவர்களின் அந்த விசித்திரமான புகாருக்கு இதுவே விளக்கம். அவர்கள் கேட்டது கற்பனை அல்ல.

மறு அனுப்பல் இல்லாதது வடிவமைப்பின் குறை என்று நான் கருதவில்லை. ஒவ்வொரு 125 மைக்ரோவிநாடிக்கும் அடுத்த பேக்கெட் வந்துகொண்டே இருக்கிறது. கெட்டதை மறுபடி அனுப்பினால் அது பிற கருவிகளுக்கு உறுதியளித்த நேரத்தைத் தின்னும். அந்த உறுதியே போய்விட்டால் ஐசோக்ரனஸ் என்ற வகைக்கே பொருளில்லை. கேபிளும் ஹப்பும் சரியாக இருந்தால் பிழை மிக அரிது என்ற அனுமானத்தின் மேல் இந்த விதி நிற்கிறது. இந்த அறையில் அந்த அனுமானம் இரண்டு இடங்களில் உடைந்திருந்தது.

ஒன்று, நீட்டிப்புக் கேபிள். யூஎஸ்பி 2.0 விதிகளில் நீட்டிப்புக் கேபிள் என்ற ஒன்று ஏற்கப்படவே இல்லை. கேபிளின் நீளமும் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இங்கே நீட்டிப்பும் ஹப்பின் சொந்தக் கேபிளும் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டியிருந்தன. நடுவில் தளர்ந்த ஓர் இணைப்பு முனையும் இருந்தது. இரண்டு, மின்சாரம். கணினியிடமிருந்து மின்சாரம் பெறும் ஹப் தன் ஒவ்வொரு போர்ட்டிலும் 100 மில்லிஆம்பியர் மட்டுமே தரக் கடமைப்பட்டது. சுழலும் டிஸ்க் ஒன்றுக்கு அது போதவே போதாது. டிஸ்க் வேலை செய்யும்போது ஹப் போர்ட்டில் அளந்தபோது, குறைந்தபட்சமாக இருக்க வேண்டிய 4.40 வோல்ட்டுக்குக் கீழே அழுத்தம் இறங்கி இறங்கி ஏறியது. அதே மின்சாரத்தில்தான் ஹப்பின் சிப்பும் இயங்குகிறது. ஆக, டிஸ்க் ஒலியின் இடத்தைப் பிடிக்கவில்லை. ஒலி கடந்து போகும் ஹப்பைத் தள்ளாட வைத்தது.

இரண்டில் எதன் பங்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்பதால் ஒவ்வொன்றாக மாற்றினோம். நீட்டிப்புக் கேபிளை மட்டும் அகற்றியபோது வெற்றிடங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் டிஸ்க் ஓடும்போது சில எஞ்சின. சொந்த மின்அடாப்டர் உள்ள ஹப்பை வைத்ததும் அவையும் நின்றன. பின்னர் இன்டர்ஃபேஸைக் கணினியின் தனி போர்ட்டுக்கு மாற்றி, டிஸ்க்கை மட்டும் ஹப்பில் விட்டோம். நகலெடுப்பு ஓடிக்கொண்டிருக்க, இரவு முழுவதும் சைன் அலையைப் பதிவு செய்து அலையின் சுற்றுகளைச் சிறு நிரல் ஒன்றால் எண்ண வைத்தபோது, 48 சாம்பிளில் முடியாத சுற்று ஒன்றும் அகப்படவில்லை.

தண்டர்போல்ட் வாங்கியிருந்தால்

2011-இல் வெளிவந்த தண்டர்போல்ட், கணினியின் உள்ளே ஓடும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பையே கேபிள் வழியாக வெளியே நீட்டுகிறது. அங்கே கெட்ட பேக்கெட் கீழ்மட்டத்திலேயே மறுபடி அனுப்பப்படும். இன்டர்ஃபேஸ் நேரடியாகக் கணினியின் நினைவகத்தில் எழுதும். மிகப் பல சேனல்களை மிகக் குறைந்த தாமதத்தில் நடத்த வேண்டிய இடத்தில் அதன் நன்மை உண்மையானது. இந்த அறையில் அதை வாங்கியிருந்தால், பழைய நீட்டிப்பும் ஹப்பும் வழியிலிருந்து விலகியிருக்கும் என்ற ஒரே காரணத்தால் இரண்டாம் கோளாறு மறைந்திருக்கும். பாராட்டு புதிய பெட்டிக்குப் போயிருக்கும். முதல் கோளாறோ அசையாமல் நின்றிருக்கும், ஏனென்றால் ப்ரீஆம்புக்கும் இன்டர்ஃபேஸுக்கும் இடையிலான எஸ்பிடிஃப் கம்பிக்கும் கணினி இணைப்புக்கும் தொடர்பே இல்லை.

எச்டிஎம்ஐ பற்றியும் ஒரு குறிப்பு. பதிவைக் கேட்டுப் பார்க்க, மென்பொருளின் வெளியீட்டை எச்டிஎம்ஐ திரையின் ஒலிபெருக்கிக்கு அவ்வப்போது மாற்றும் பழக்கம் அங்கே இருந்தது. எச்டிஎம்ஐயில் ஒலிக்குத் தனிக் கம்பி கிடையாது. படத்தின் வரிகளுக்கிடையே உள்ள வெற்று நேரத்தில் ஒலி பேக்கெட்டுகள் செல்கின்றன. ஒலியின் கிளாக்கைத் திரை, படத்தின் கிளாக்கிலிருந்து இரண்டு எண்களின் விகிதத்தைக் கொண்டு மீட்கிறது. 74.25 மெகாஹெர்ட்ஸ் படக் கிளாக்கில் 48 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு அந்த எண்கள் 6144, 74250. வகுத்துப் பெருக்கினால் 6.144 மெகாஹெர்ட்ஸ், அதாவது சாம்பிள் வேகத்தின் 128 மடங்கு கிடைக்கும். எனவே திரையின் 48 கிலோஹெர்ட்ஸ் கிராஃபிக்ஸ் சிப்பிலிருந்து பிறந்தது. இன்டர்ஃபேஸின் 48 கிலோஹெர்ட்ஸ் ப்ரீஆம்பிலிருந்து பிறந்தது. ஒன்றில் வாங்கி மற்றொன்றில் ஒலித்தால் நடுவில் மென்பொருள் சாம்பிள்களை மறுகணக்கிட்டே ஆக வேண்டும். முதல் கோளாறு வேறு வேடத்தில் திரும்பி வர வழி திறக்கும். கேட்பதும் இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இப்போதைய ஏற்பாட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கிளாக் ப்ரீஆம்பிலிருந்து வருவதால், அதை அணைத்துவிட்டு இன்டர்ஃபேஸை மட்டும் பயன்படுத்தினால் ஒத்திசைவு விளக்கு மினுங்கும். பதிவு நம்பத்தக்கதாக இராது. அத்தகைய நாள்களில் கிளாக் மூலத்தை 'இன்டர்னல்' என்று மாற்றிக்கொண்டு, ப்ரீஆம்ப் திரும்ப வரும்போது மறக்காமல் எஸ்பிடிஃபுக்குத் திருப்ப வேண்டும். இரண்டாவது டிஜிட்டல் ப்ரீஆம்ப் ஒன்றைச் சேர்க்கும் எண்ணம் அவர்களுக்கு இருக்கிறது. அப்போது இந்த அமைப்பு போதாது. ஒரு கருவியால் ஒரு கிளாக்கைத்தான் பின்பற்ற முடியும் என்பதால், வேர்ட் கிளாக் உள்ளீடு (வேறொரு கருவியின் கிளாக்கைத் தனிக் கம்பியில் பெறும் உள்ளீடு) உள்ள ப்ரீஆம்பைத் தேர்ந்து, இன்டர்ஃபேஸைத் தலைமையாக்கி, மற்ற எல்லாவற்றையும் அதன் கீழ் கொண்டுவர வேண்டியிருக்கும். வாங்கும் பட்டியலில் அந்த ஒரு உள்ளீட்டைக் கட்டாய நிபந்தனையாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.